பளிச்சண்ணன் எஞ்சின் கழுவிய கதை

பளிச்சண்ணன் என்றால் அந்தத் தெருவில் தெரியாத ஆள் கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருஷமாக லென்ஸ் தேய்க்கிற வேலை. கண்ணில் பட்டதையெல்லாம் துடைத்தே தீருவார், பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பி உட்பட. பெயர் அப்படி வந்ததுதான். ஆனால் ஊர் அவரை மதித்தது வேறொன்றுக்காக. "இந்த லென்ஸ்ல கீறல் இருக்கு, வேண்டாம்" என்று முதலாளி பக்கத்தில் நிற்கும்போதே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுகிற மனுஷர். அதில் அவருக்கே கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இல்லையென்று நான் சொல்ல மாட்டேன்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்த காரியத்தைக் கேளுங்கள்.

அவருடைய கார் பன்னிரண்டு வருஷத்துப் பழசு. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கிற கேஸ்கெட் ஓரமாக ஆயில் கசிகிறது, ஹெட்டையே கழற்றிப் பார்த்தால்தான் சரியாகும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். அவர் சொன்ன செலவு அண்ணனுக்குக் கட்டுப்படியாகாது. விற்றுத் தொலைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். மெக்கானிக் சொன்னதை மட்டும் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. மாசக்கணக்காகக் கசிந்த ஆயிலில் புழுதி ஒட்டி, எஞ்சின் முழுக்கக் கன்னங்கரேலென்று பிசுபிசுத்துக் கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் யாரும் விஷயத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பதினோரு மணிக்குப் பக்கத்துத் தெருத் தையல்காரம்மா கார் பார்க்க வருவதாக ஏற்பாடு. அண்ணன் ஏழு மணிக்கே வாசலில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேட்டரி ஒயரைக் கழற்றினார். தண்ணீர் படக்கூடாத இடங்களுக்கெல்லாம் மனைவி பாலிதீன் பை சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தாள். மண்ணெண்ணெயில் பெயிண்ட் பிரஷ்ஷை முக்கி அழுக்கை ஊறவைத்தார். பிரஷ் நுழையாத சந்துபொந்துகளைப் பழைய டூத்பிரஷ்ஷால் சுரண்டினார். அப்புறம் சோப்புத் தண்ணீர், அப்புறம் சொம்பு சொம்பாக நல்ல தண்ணீர். மை மாதிரி வழிந்து சாக்கடைக்குப் போனது. கடைசியில் பனியனைக் கிழித்து ஈரம் ஒற்றியெடுத்து, பைகளை அவிழ்த்து, பேட்டரி ஒயரைத் திரும்ப மாட்டினார்.

"விக்கப்போற காருக்கு எதுக்குங்க இவ்வளவு சிங்காரம்?" என்றாள் மனைவி.

"அழுக்கோட எப்படி ஒருத்தர் கையில கொடுக்கறது?"

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, குனிந்து இன்னொரு தடவை துடைத்தார்.

தையல்காரம்மா சொன்ன நேரத்துக்கு வந்தாள். தைத்த பள்ளிக்கூடச் சீருடைகளைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அவளுக்கு ஒரு கார் வேண்டும். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரலாம்னுதான் இருந்தேன் அண்ணா. இதைப் பாத்தப்புறம் அவர் எதுக்கு? அதுவும் நீங்க கொடுக்கறது."

"டூத்பிரஷ் வெச்சுத் தேச்சாரும்மா" என்று மனைவி வேறு எடுத்துக்கொடுத்தாள்.

அண்ணனுக்குச் சுருக்கென்றது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தவர், பானெட் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தார். எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று தையல்காரம்மா கேட்டாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஓடவிட்டார். மனைவி டீ கொடுக்க இரண்டு பேரையும் உள்ளே கூட்டிப்போனாள்.

திரும்பி வந்து பார்த்தால், தேய்த்து வைத்த உலோகத்தின் மேல் புத்தம்புது ஆயில் ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. பழைய அழுக்கு இருந்திருந்தால் அதோடு அதாகக் கலந்து போயிருக்கும். கழுவினதால்தான் அப்படித் தெரிந்தது. அண்ணன் பனியன் துணியைத் தேடினார்.

தையல்காரம்மா அந்தக் கோட்டையே பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"ஓ, எங்க கசியுதுன்னு எனக்குத் தெரியணும்னுதான் கழுவி வெச்சீங்களா? வேற யாராவது இருந்தா மறைச்சிருப்பாங்க அண்ணா."

அண்ணன் தலை தானாக ஆமாம் என்று ஆடியது. அந்தத் தலையை என்ன செய்தால் தகும்?

மனைவியின் சிரிப்பு பாதியில் நின்றதை அவர் கவனித்தார். அவள் புத்திசாலி.

விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு தையல்காரம்மா வண்டியை எடுத்துப்போனாள். போன இடமெல்லாம் பளிச்சண்ணன் புராணம்தான். கடை முதலாளி கூட்டத்துக்கு நடுவில் தோளைத் தட்டிக்கொடுத்தார். அண்ணன் கூனிக் குறுகிப்போனார். பாராட்டு வர வர மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் காலை, காய் நறுக்கிக்கொண்டே மனைவி கேட்டாள். "கசியறது அந்தம்மா கண்ணுல படலைன்னா சொல்லியிருப்பீங்களா?"

அவர் "மாட்டேன்" என்றார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். பையைச் சுத்திக் கொடுத்தேனே நான்."

சொல்லிவிட்டு மறுபடி காய் நறுக்கினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நேராகத் தையல்கடைக்குப் போனார்.

அங்கே இரண்டு பெண்கள் அளவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "நான் சொன்னேனே, இவர்தான் அந்த அண்ணன்" என்று தையல்காரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவர் உட்காரவில்லை. "நான் உனக்குக் காட்டறதுக்காகக் கழுவலைம்மா. கசியுதுன்னு மெக்கானிக் முன்னாடியே சொல்லிட்டார். அது தெரியக்கூடாதுன்னுதான் கழுவினேன்."

பெண்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். தையல்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"வேற எதை மறைச்சீங்க?"

"வேற ஒண்ணுமே இல்லம்மா."

அது சத்தியமான வார்த்தை. தையல்காரம்மா நம்பவில்லை. அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, வண்டியை முழுசாக ஒரு தடவை பார்க்கச் சொல்லி அவர் எதிரிலேயே மெக்கானிக்குக்கு போன் போட்டாள்.