வேகத்தைக் கழற்றிய பிரிஜெட்

பிரிஜெட்டிடம் ஒன்றை விட்டுவிடச் சொல்லிப் பாருங்கள். அதையே கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். பாலிங் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டும் குடும்பத்தில் பிறந்து, சுங்கை பட்டாணி எலக்ட்ரானிக்ஸ் பேக்டரிக்கு வேலைக்குப் போனவள். முந்தைய வெள்ளத்தில், நடக்க முடியாத சித்தி கேதரின் பிழைத்ததே பெரும்பாடு. அதனால் எண்பத்தாறில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற ஆற்றோரக் கீழ் லயத்துக்கென்று ஒரு பெட்டி செய்தாள். தண்ணீர் ஏறினால் அது அலறும்.

லயத்தில் ராத்திரியானால் ஜெனரேட்டரை அணைத்துவிடுவார்கள். ஆகவே பெட்டி டார்ச் பேட்டரியில் ஓடியது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. செத்த பேட்டரிகளை லயத்து வழக்கப்படி கருவாட்டோடு சேர்த்துத் தகரத்தில் காயவைத்தார்கள். கொஞ்சம் உயிர் வரும், மறுநாளே போய்விடும். மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? கார் பேட்டரி போடு, இல்லாவிட்டால் பெட்டியைப் பிடுங்கி எறிவேன் என்றார் லயத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் அய்யாவு.

பிரிஜெட் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் சம்பளத்தில் வாங்கிய கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பொட்டு அளவு பேட்டரியில் இது மட்டும் வருஷக்கணக்கில் ஓடுகிறதே? அப்போதுதான் தன் முட்டாள்தனம் உறைத்தது. பெட்டிக்குள் இருந்த சிப்புக்குத் தாளம் போடும் கிறிஸ்டல் வினாடிக்கு லட்சக்கணக்கில் துடித்தது. ஒவ்வொரு துடிப்பும் பேட்டரியைக் கொஞ்சம் தின்றது. ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்க இத்தனை ஓட்டம் எதற்கு? கடிகாரத்தை உடைத்து, அதன் நிதானமான கிறிஸ்டலை எடுத்துப் பெட்டியில் ஈயம் வைத்து ஒட்டினாள்.

சோதித்தபோது பெட்டி அலறவில்லை, டொக் டொக் என்றது. சைரன் சத்தத்தையும் அதே தாளத்தில்தான் சிப் எழுப்பியது; தாளம் குறைந்ததும் சத்தமும் தொய்ந்துவிட்டது. கூடி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பழசையே போட்டுடு லா," என்றார் அய்யாவு. "மெஷின்னா வேகமா ஓடணும்."

"ஆறு மெதுவாத்தானே ஏறுது அண்ணே. அதைப் பாக்க இந்த வேகம் போதும். நான் மாத்த மாட்டேன்."

மாற்றவும் இல்லை. சைரனைக் கழற்றிவிட்டு, தனி பேட்டரியோடு ஒரு மின்சார மணியை, பெட்டி இருந்த கம்பத்தின் உச்சியில் மாட்டினாள். பெட்டியிலிருந்து கீழே தொங்கும் கம்பியைத் தண்ணீர் தொட்டால் சிப் சுவிட்சைப் போட்டுவிடும், மணி தன்பாட்டுக்கு அடிக்கும். அதுவரை மணிக்குச் செலவே கிடையாது.

அந்த வருஷம் வாரக்கணக்கில் வெயிலைக் காணோம். பேட்டரியை யாரும் தொடவில்லை. பெட்டி என்றைக்கோ செத்திருக்கும் என்று அய்யாவு நினைத்துக்கொண்டார். ஒரு மாலை, கொட்டும் மழைக்கு நடுவே மணி அடித்தது. பிள்ளைகளும் ஆடுகளுமாகக் கீழ் லயமே மேட்டுக்கு ஏறியது. கேதரினை அய்யாவுதான் முதுகில் தூக்கி வந்தார்.

சித்தியை இறக்கிவிட்டு, கார் பேட்டரியை நானே வாங்கித் தரட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மணி நின்னா சொல்லுங்க அண்ணே, வாங்கிக்கிறேன்," என்றாள் பிரிஜெட்.

தண்ணீர் வாசற்படிகளைத் தாண்டியது. மணி நிற்கவில்லை.