மடித்தால் செல்லாது

மாம்பழ மஞ்சள் பட்டின் முந்தானையைத் தம் தோளில் போட்டுக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி லேசாகத் திரும்பி நிற்கிறார் அஜிதநாதன். மீசை வைத்த ஆள்தான். ஆனாலும் எதிரே ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் மீசையை மறந்து புடவையை மட்டும் பார்க்கிறார்கள். "மெல்லிசு பார்டர்மா. ரொம்ப ஆஸ்டியரா இருக்கும்" என்கிறார். ஆஸ்டியர் என்பது அன்று காலை அவர் மனப்பாடம் செய்த ஆங்கில வார்த்தை. ஆடம்பரமில்லாதது என்று பொருள். வாலாஜாவிலிருந்து வந்த அம்மாள் அதைப் புது ரகம் என்று நினைத்துக்கொண்டு, "அந்த ஆஸ்டியர்லயே அரக்கு கலர் காட்டுப்பா" என்கிறார். அவரும் சளைக்காமல் எடுத்துக் காட்டுகிறார்.

அவர் பக்கத்து மாகறல் கிராமத்துக்காரர். பி.ஏ. சரித்திரம் படித்துவிட்டு ஐந்து வருஷமாகக் காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில் புடவை பிரித்துக்கொண்டிருக்கிறார். அதே கடையின் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவன் நான். சென்னையில் எம்.பி.ஏ. சேருவதற்கு நுழைவுத் தேர்வு எழுதப்போவதாக ஒருநாள் வந்து சொன்னார். அவர் சேர நினைத்த கல்லூரியில் அதற்கு வயது வரம்பு உண்டு. அவருக்கு இந்த வருஷத்தோடு சரி. ஹால் டிக்கெட்டோ ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் கைக்கு வந்தது. அதுவும் வைகாசி முகூர்த்தம். லீவு என்ற வார்த்தையை முதலாளி காதில் போட முடியாத காலம்.

"இந்த வாட்டி வுட்டா, ஆயுசுக்கும் முந்தானை போட்டுக்கினு நிக்க வேண்டியதுதான் சார்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் ஜைனர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது வீட்டு நியமம். அதற்காக முதலாளி மாலையில் விடுகிற சொற்ப நேரம்தான் அவருக்குப் படிப்பு நேரம். தூக்குப்பாத்திரத்தோடு மாடியேறி வருவார். வலது கை தயிர்சாதத்தில், இடது கையில் பென்சில், முன்னால் நான் அடித்துவைத்த மாதிரி வினாத்தாள். சுற்றிலும் மெஷின்கள் சடசடத்துக்கொண்டிருக்கும்.

ஒரு கேள்விக்கு நான்கு விடை. சரியானதற்குக் குறி போட வேண்டும். அங்கேதான் வந்தது வினை. எந்தப் புடவையையும் மட்டம் என்று சொல்லிப் பழகாத நாக்கு அவருடையது.

"இதுவும் நல்லாத்தான் இருக்குது சார்" என்பார். "மூணாவதும் ஒண்ணும் கொறச்சல் இல்ல. சில பேருக்குப் புடிக்கும்."

முதல் நாள் நாலு கேள்வி தாண்டுவதற்குள் சாதம் தீர்ந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாருக்குப் பிடிச்சா என்னங்க? இங்கே நீங்கதான் கஸ்டமர். ஒண்ணை எடுங்க" என்று கத்தினேன்.

வாயிலிருந்த கவளத்தை விழுங்கிவிட்டு, "எந்த மாதிரி கஸ்டமர் சார்?" என்று கேட்டார்.

"கடைசி பஸ்ஸுக்கு ஓடுற கஸ்டமர்."

அவர் முகம் தெளிந்துவிட்டது. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் முதலில் காட்டிய புடவையையே பொட்டலம் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு போவார்களாம். மறுநாளிலிருந்து பென்சில் பறந்தது. தெரிந்ததற்குத் தெரிந்த விடை, தெரியாததற்கெல்லாம் முதல் விடை. திருத்திப் பார்த்தேன். பரவாயில்லை, தேறுகிற மாதிரிதான் இருந்தது.

ஆனால் தாளை என்னிடம் கொடுத்த விதம் இருக்கிறதே! எழுத்து உள்பக்கம், ஓரத்தோடு ஓரம், நாலாக மடித்து, உள்ளங்கையால் ஒரு நீவு. ஜரிகை வெளியே தெரியாமல் பட்டை மடித்து அடுக்குகிற அதே மடிப்பு. ஹால் டிக்கெட்டிலோ, விடைத்தாளை மடித்தால் செல்லாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"என்னங்க இது?"

"நான் எங்க சார் மடிச்சேன்?" என்று, தம் கையிலிருந்ததையே திகைத்துப் பார்த்தார்.

மறுநாளும் மடித்தார். அதற்கு மறுநாளும். என் செய்தித்தாளை மடித்தார், நாற்காலியில் கிடந்த என் துண்டை மடித்தார். திட்டினேன், கெஞ்சினேன். "புத்திக்குத் தெரியுது சார். கைக்குத்தான் காது இல்ல" என்றார் பரிதாபமாக. படிப்பு வராமல் தோற்கலாம். நன்றாக மடித்ததற்காக ஒரு மனிதன் தோற்பதா? எனக்குத் தூக்கம் கெட்டது.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. லீவு கேட்காமலேயே அவர் ஏறிய முதல் சென்னை பஸ்ஸில் நானும் கூடப் போனேன். டைப்ரைட்டர் ரிப்பன் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கிறது? அவர் அதைக் கேட்கவில்லை.

தேர்வு முடிகிற நேரத்துக்கு, அது நடந்த கட்டடத்தின் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன். ஜன்னலை ஒட்டிய இரண்டாவது பெஞ்சில் அவர். உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பஸ் கிளம்பிவிட்டது போல வேகவேகமாகக் குறி போட்டுக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. கண்காணிப்பாளர் முதல் பெஞ்சில் தாள் வாங்க ஆரம்பித்தார். அஜிதநாதன் பென்சிலைக் கீழே வைத்தார். வலது கை தானாக நகர்ந்து விடைத்தாளின் ஓரத்தைத் தூக்கியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஓரம் பாதி தூரம் வளைந்துவிட்டது.

அப்போது அவருடைய இடது கை பாய்ந்து வந்து, ஜேப்படிக்காரனைப் பிடிக்கிற மாதிரி வலது மணிக்கட்டைப் பிடித்தது. தாள் நிமிர்ந்து தட்டையாகப் படுத்தது. கண்காணிப்பாளர் அதை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போன பிறகும் அவர் அந்தப் பிடியை விடவில்லை.