கிளம்பிட்டாங்களா, அக்கா?

எங்கள் தலைமையகத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஹலோ அக்கா, அவ்வளவுதான். என்னைவிட இளையவள், ஆனாலும் எனக்கும் அக்காதான். டெலிபோன் போர்டில் உட்கார்ந்து எல்லைச் சாவடிகளுக்கும் அதிகாரிகளுக்கும் லைன் கொடுப்பது அவள் வேலை. எதிர்த்த அறை கேன்டீன். அங்கே டீ போடுகிறவன் நான். நாலு நாட்டுப் பட்டாளத்துக்கு நாலு விதமாக டீ போட்டே என் பாதி ஆயுசு போய்விட்டது.

பக்கத்துப் பக்கத்து நாடுகள் கூட்டுச் சேர்ந்து அமைத்த படை அது. எல்லைக் காட்டில் ஓர் ஆயுதக் கும்பல் இருந்தது. இந்தப் பக்கம் ஊரை எரித்துவிட்டு அந்தப் பக்கம் ஓடிவிடும். துரத்திப் போனால் அது வேறு நாடு. அதற்காகத்தான் கூட்டணி. வாசலில் தங்க எழுத்தில் பொறித்திருந்தார்கள்: 'ஒருவருக்கு விழும் அடி நால்வருக்கும் விழுந்த அடி.' எழுதியவன் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும்!

உள்ளே நிலவரம் வேறு. ஹெலிகாப்டர் ஒரு நாட்டுடையது, ஓட்டுகிறவர்கள் இன்னொரு நாட்டுக்காரர்கள், எரிபொருள் மூன்றாவது நாடு தருவது. ஒருவரை ஒருவர் நம்பாததால், தளபதி உத்தரவு போடாமல் எதுவும் நகரக் கூடாது என்று ஒப்பந்தம். அந்தப் பதவியும் ஆறு மாதத்துக்கு ஒரு நாடு என்று சுற்றி வரும். மாறும் நாளில் பழையவர் கட்டுப்பாட்டு அறையின் சாவியை ஒரு சின்னப் பட்டு மெத்தையில் வைத்துவிட்டுப் போவார். புதியவர் வந்து எடுத்துக்கொள்வார். நடுவில் பொறுப்பு யாருடையது என்று ஒரு மகானுபாவனும் கேட்டதில்லை.

ஹலோ அக்காவுக்கு ஒரு தம்பி. அம்மா போனபோது அவன் கைக்குழந்தை. இவள்தான் தூக்கி வளர்த்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "இவன் ஒரு நிலைக்கு வரட்டும்" என்று தள்ளிப்போட்டாள். அவன் நிலைக்கு வந்தது பட்டாளத்தில், காட்டோரக் கடைசிச் சாவடியில். லைன் சரிபார்க்கிற சாக்கில் தினமும் காலையில் கூப்பிடுவான்.

"சாப்டியாடா?" என்பாள்.

"மொதல்ல நீ சாப்டியா?" என்பான்.

"அரசாங்க லைன்ல என்ன கொஞ்சல்?" என்று நான் இங்கிருந்து கத்துவேன்.

"உனக்கு வயித்தெரிச்சல்ண்ணே" என்பாள். நிஜம்தான். என்னை அப்படிக் கேட்க எனக்கு யார் இருந்தார்கள்?

அன்று தளபதி மாறும் நாள். பழையவர் சாவியை வைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். புதியவரின் விமானம் மூடுபனியால் தாமதம். நான் டீத் தட்டோடு போர்டு அறைக்குள் நுழைந்தபோது அக்கா முகத்தில் ஈயாடவில்லை. கடைசிச் சாவடியைக் கும்பல் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் சொல்லிவிட்டாள். ஸ்பீக்கரில் தம்பியின் குரல்.

"அக்கா, பின்பக்கப் பள்ளம் இன்னும் காலியாத்தான் இருக்கு. இப்ப எறங்கினா தப்பிச்சுடலாம். ஆனா கீழே ஊர் இருக்கு, நாங்க போயிட்டா அத எரிச்சுடுவானுங்க. ஹெலிகாப்டர் வருதுன்னா நின்னு சமாளிப்போம். கிளம்பிட்டாங்களா, அக்கா?"

அதே நேரம் மைதானத்தில் ஹெலிகாப்டரின் விசிறிச் சத்தம் எழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கிளம்பிட்டாங்கடா! எனக்கே கேக்குது!"

"எங்கக்கா சொல்லிட்டா, வர்றாங்க!" என்று அவன் அங்கே கத்தியது எனக்கும் கேட்டது.

உத்தரவு வந்ததும் பறக்கலாம் என்று விமானிகள் தாங்களாக எஞ்சினைப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். உத்தரவு போடத்தான் ஆளில்லை. கட்டுப்பாட்டு அறை வாசலில் துணைத் தளபதிகள் சாவி இருந்த மெத்தையைச் சுற்றி நின்றார்கள். "எனக்கு அதிகாரம் இல்ல" என்றார் ஒருவர். "எங்க தலைநகரத்தைக் கேக்கணும்" என்றார் இன்னொருவர். "நீங்க சாவிய எடுத்தா நாங்க ஒத்துக்க மாட்டோம்" என்றார் மூன்றாமவர். அடப் பாவிகளா, கைக்கெட்டும் தூரத்தில் சாவி! கடைசியில் எரிபொருள் வீணாகிறது என்று யாரோ சொல்ல, எஞ்சினை நிறுத்திவிட்டார்கள்.

சத்தம் அடங்கியதும் அக்கா ஜன்னலுக்கு ஓடினாள். ஹெலிகாப்டர் நின்ற இடத்திலேயே நின்றது. திரும்பி வந்து விழுந்தடித்து மைக்கைப் பிடித்தாள். "டேய், ஓடிடுடா! அவங்க வரல, ஓடிடு!"

லைன் செத்துப்போயிருந்தது. பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிக் குத்தினாள். நான் கையைப் பிடித்து இழுத்தபோது என்னை ஓங்கி அறைந்தாள். அறையட்டும்.

புதியவர் வந்து இறங்கினார். முதலில் பேண்டு வாத்தியம், பிறகு புகைப்படம், அதற்கும் பிறகுதான் உத்தரவு. ஹெலிகாப்டர் போனபோது சாவடி எரிந்துகொண்டிருந்தது. கீழே இருந்த ஊரும்தான்.

கூட்டணி சும்மா இருக்குமா? நாலு நாட்டு மந்திரிகளும் கூடிக் கும்பலைக் கடுமையாகக் கண்டித்தார்கள். இனிமேல் பழையவர் சாவியைப் புதியவர் கையில் கொடுத்த பிறகுதான் கிளம்ப வேண்டும் என்று விதியைத் திருத்தினார்கள். திருத்திவிட்டுக் கைதட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு டீ நான்தான் கொண்டுபோனேன். அதில் துப்பாமல் கொடுத்தது என் அம்மாவின் வளர்ப்பு.

அந்தச் சாவடியில் பிழைத்தது ஒரே ஒரு சிப்பாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஊன்றுகோலோடு அக்காவைத் தேடி வந்தான்.

"பாதிப் பேர் பள்ளத்துல எறங்கிட்டோம்க்கா. உங்க தம்பிதான் மேல கூப்பிட்டான். 'எங்கக்கா பொய் சொல்ல மாட்டா'ன்னான். கடைசி வரைக்கும் வானத்தையே பாத்துட்டிருந்தான்."

ஆறுதல் சொல்வதாகத்தான் அந்தப் பையன் நினைத்தான். எனக்கு அவன் வாயைப் பொத்த வேண்டும்போல் இருந்தது. அக்கா ஒரு நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்டியாப்பா?" என்று கேட்டாள்.

இப்போதும் போர்டில் அவள்தான். ஏதாவது சாவடியிலிருந்து "கிளம்பிட்டாங்களா?" என்று கேட்டால் வாயே திறக்க மாட்டாள். எழுந்து போய் ஜன்னலில் நின்று, ஹெலிகாப்டர் மரங்களைத் தாண்டி மறைகிறவரை பார்த்துக்கொண்டிருப்பாள். அதுவரை ஸ்பீக்கரில் யாரோ ஒரு பையன் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டே இருப்பான்.