மாடனுக்கு நேர்ந்துவிட்ட வான்கோழி

அறுபதுகளின் நடுவில், பம்பாய் தாராவியில் நடந்தது இது. அங்கே எனக்கு ஒரு தவிடு, பிண்ணாக்குக் கடை. முன்னால் கடை, பின்னால் ஒரே அறையில் நானும் என் மனைவியும் குடித்தனம். சொந்த ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே. எங்கள் சந்தில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள்தான். ஆகவே ஊர் மாடனும் எங்களோடு ரயிலேறி வந்து, சந்தின் கோடியில் ஒரு சின்னப் பீடத்தில் குடியிருந்தார். வருஷா வருஷம் சித்திரையில் அவருக்கு மேளமும் பலியுமாகக் கொடைத் திருவிழா நடத்துவோம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் பேசினால் நாலு பேர் சிரிப்பார்கள். தவிடு வாங்க வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் பிண்ணாக்கும் சேர்த்து வாங்கிப் போவார்கள். ஆனால் பயம் வந்துவிட்டால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. வாய் மட்டும் ஓடும்.

செம்பூரிலிருந்து ஒரு கிறிஸ்தவ அம்மாள் கடைக்கு வருவார். வான்கோழி வளர்த்து கிறிஸ்துமஸுக்கு விற்கிறவர். ஒரு மழைக்காலத்தில் அவர் வீட்டுக் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து குஞ்சுகள் செத்துப் போயின. மிஞ்சிய இரண்டைக் கூடையில் வைத்து என் கடைக்குக் கொண்டுவந்தார். ஈரம் பட்டால் இதுகளும் போய்விடும், உன் கடைதான் காய்ந்து கிடக்கிறது, நீயே வைத்துக்கொள் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் மனைவி கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இது என்னங்க, கழுகுக் குஞ்சா? கழுத்தப் பாருங்க, உங்க கழுத்து மாதிரியே இருக்கு."

வான்கோழிக் குஞ்சுக்குத் தின்னத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. தீனிக்கு நடுவில் நின்றுகொண்டே பட்டினி கிடக்கும். என் மனைவி முட்டையை அவித்து உதிர்த்து, வெங்காயத்தாளைப் பொடியாக நறுக்கிக் கலந்து, விரலால் தட்டித் தட்டிக் காட்டினாள். இரண்டும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தற்செயலாக அவள் கண்ணாடி வளையலில் வெளிச்சம் பட்டு மின்னியது. உடனே வந்து வளையலைக் கொத்தின. கொத்துத் தவறி முட்டையில் விழுந்தது. அவ்வளவுதான், தின்னப் பழகிவிட்டன. அதற்கப்புறம் வேளாவேளைக்கு அவள் தட்டுக்குப் பக்கத்தில் மணிக்கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மத்தியானத்தில் இரண்டும் அவள் மடியில் ஏறி, கழுத்தை முழங்காலில் நீட்டிப் போட்டுத் தூங்கும். எனக்குச் சோறு போட எழுந்திருக்க மாட்டாள். "பிள்ளைய தூங்குதுவ, நீங்களே போட்டுக்கிடுங்க" என்பாள்.

ஒன்று சேவல், ஒன்று பெட்டை. சேவல் நெஞ்சை முன்னால் தள்ளிக்கொண்டு, மேற்பார்வை பார்க்க வந்த அதிகாரி மாதிரி நடக்கும். அதனால் அதற்குத் துரை என்று பெயர் வைத்தாள். துரை என் பின்னாலேயே வருவான். குழாயடிக்குப் போனால் குழாயடிக்கு வருவான். கடையில் நான் உட்கார்ந்திருந்தால் பெஞ்சுக்கு அடியில் சாக்கின் மேல் படுத்திருப்பான்.

மார்கழியில் ஒருநாள் காலை. தவிடு அள்ளிக்கொண்டிருந்தேன். காலடியில் 'புஃப்' என்று ஒரு சத்தம், தொடர்ந்து வயிற்றுக்குள்ளிருந்து ஓர் உறுமல். குனிந்து பார்த்தேன். துரையின் மூஞ்சி நீலமாக இருந்தது. உச்சந்தலை வெள்ளை. மூக்குக்கு மேல் மொட்டு மாதிரி இருந்த சதை விரல் நீளத்துக்கு வளர்ந்து அலகைத் தாண்டித் தொங்கியது. உடம்பு உப்பி, இறக்கைகள் விறைத்துத் தரையைப் பிறாண்ட, துரை கிடுகிடுவென்று நடுங்கினான்.

வான்கோழி தோகை விரித்து ஆடும் என்று பள்ளிக்கூடத்தில் நானும்தான் படித்தேன். ஆனால் மூஞ்சி நீலமாகும் என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. அவன் நின்றதோ பெஞ்சுக்கு அடியில். வால் விரிய இடமில்லை. எனக்குத் தெரிந்தது மூஞ்சி மட்டும்தான். நானோ முந்தின நாள்தான் கடை மூலையில் எலிப் பாஷாணம் வைத்திருந்தேன். முடிவு கட்டிவிட்டேன். துரை போனான்.

மோர் ஊற்றியிருக்கலாம், மனைவியைக் கூப்பிட்டிருக்கலாம். நான் தவிடு அள்ளுகிற தகரத்தைக் கையில் பிடித்தபடி, அவிழ்ந்த வேட்டியை இன்னொரு கையில் பிடித்தபடி, சந்து முழுக்க ஓடி மாடன் பீடத்தின் முன்னால் போய் விழுந்தேன்.

"மாடா! துரையக் காப்பாத்திக் குடுத்துரு! அவன் பொழச்சிட்டாம்னா இந்தக் கொடைக்கு அவனையே உனக்குத் தந்திருதேன்!"

எங்கள் ஊர்ப்பக்கம் கோழிக்கோ ஆட்டுக்கோ சீக்கு வந்தால் முதலில் வாயில் வருவது இந்த நேர்ச்சைதான். யாரும் யோசித்துச் சொல்வதில்லை, நானும் யோசிக்கவில்லை. உயிரைக் காப்பாற்று, காப்பாற்றினால் அந்த உயிரை நீயே எடுத்துக்கொள் என்று பேரம் பேசிய வியாபாரி நான். சந்து முழுக்க வாசலில் நின்று கேட்டது.

திரும்பி வந்தால், கடை வாசலில் செம்பூர் அம்மாள் தவிட்டுப் பையோடு நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். துரை வெளியே வந்துவிட்டிருந்தான். வால் விசிறியாக விரிந்திருக்க, பெட்டையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

"அரே சேட், மர் நஹீ ரஹா, நாச் ரஹா ஹை! ஜவான் ஹோ கயா!" என்றார். சாகவில்லையாம், ஆடுகிறானாம், வாலிபம் வந்துவிட்டதாம்.

சந்தே சிரித்தது. வேட்டியைக் கட்டிக்கொண்டு நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புச் சத்தத்துக்குத் துரை முதல்முறையாகக் கழுத்தை நீட்டி, உடம்பு மொத்தமும் குலுங்க, 'கடகடகட' என்று பதில் கொடுத்தான். எல்லோரும் இன்னும் சிரித்தார்கள். அவன் இன்னும் குலுங்கினான். சிரிக்காமல் நின்றவள் என் மனைவி மட்டும்தான்.

"மாடங்கிட்ட என்னத்த நேந்துட்டு வாரீய?"

நான் கையிலிருந்த தகரத்தைத் தவிட்டு மூட்டைக்குள் சொருகினேன்.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டீயளா? அவன் ஆடுதான். நீங்க அறுக்கச் சொல்லிட்டு வந்திருக்கீய."

அதற்குப் பிறகு சித்திரை வரைக்கும் துரை சந்தின் செல்லப்பிள்ளை. மாடனுக்கு நேர்ந்துவிட்டது என்றால் யாரும் கை வைக்க மாட்டார்கள். நாய் வந்தால் ஆளாளுக்குக் கல்லெடுப்பார்கள். அவன் கொழுகொழுவென்று வளர்ந்தான். லோக்கல் ரயில் ஊதினால் பதில் சொல்வான், யாராவது சிரித்தால் பதில் சொல்வான். அவன் குரலைக் கேட்பதற்காகவே நான் வருகிறவர்களையெல்லாம் சிரிக்க வைத்தேன். காலையில் கடைப் பலகையை எடுக்கக் குனிந்தால் வந்து என் தோளில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்பான். அந்தக் கனமும் சூடும்! பலகையை எடுக்காமல் அப்படியே குனிந்திருப்பேன்.

"சாமியாடிக்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க. வேற சேவல மாத்திக் குடுக்கலாமான்னு கேளுங்க" என்று மனைவி நச்சரித்துக்கொண்டே இருந்தாள். சாமியாடி ஒன்றும் பூதமில்லை. தோல் கிடங்கில் வேலை பார்க்கிறவர், நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவர், என் பேச்சுக்கு நன்றாகச் சிரிக்கிறவர். ஆனால் மாடனிடம் கொடுத்த வாக்கை மாற்றினால் என்ன ஆகுமோ என்று எனக்கு உள்ளுக்குள் உதறல். கேட்கத்தான் போவேன். நாலு வேடிக்கை சொல்லி, அவரைச் சிரிக்க வைத்துவிட்டு, கேட்காமலே திரும்பி வருவேன்.

"கேட்டீயளா?"

"நாளைக்குக் கேக்கேன்."

கொடை வந்துவிட்டது.

மதியக் கொடை. மேளம் முழங்க, சாமியாடி ஆடி ஓய்ந்து பீடத்தின் முன்னால் நின்றார். நேர்ந்துவிட்டவற்றை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார்கள். எங்கள் வழக்கம், தலையில் தண்ணீர் ஊற்றுவது. அது உடம்பைக் குலுக்கினால் மாடன் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். மூன்று முறை ஊற்றியும் குலுக்கவில்லை என்றால் அவருக்கு வேண்டாம், அவிழ்த்து விட்டுவிடுவார்கள். கோழிகளும் ஆடுகளும் முதல் தண்ணீருக்கே குலுக்கிவிட்டன.

துரையை என் மனைவிதான் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தினாள். மேளத்தை நிறுத்தினார்கள். சாமியாடி சொம்பைச் சாய்த்தார். தண்ணீர் துரையின் தலையில் விழுந்து கழுத்து வழியே இறங்கியது. துரை அசையவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டாவது முறை. அப்போதும் அசையவில்லை.

என் மனைவி கையைக் கூப்பியபடி கண்ணை மூடிவிட்டாள். கூட்டத்தில் ஒரு சத்தமில்லை. சாமியாடி மூன்றாவது முறைக்காகச் சொம்பில் தண்ணீரை மெல்ல மொண்டார். இன்னும் ஒரே ஒரு தண்ணீர், அதற்கும் நின்றுவிட்டால் துரை வீட்டுக்கு வந்துவிடுவான். எல்லோரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"என்ன மாடா, கோழி கேட்டா மயிலக் கொண்டாந்து நிப்பாட்டிட்டானேன்னு முழிக்கியா?" என்றேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

துரை கழுத்தை நீட்டினான். வால் நுனி வரைக்கும் உடம்பு குலுங்க, தண்ணீர் நாலாபக்கமும் தெறிக்க, 'கடகடகட' என்று பதில் கொடுத்தான்.

"குலுக்கிட்டு! குலுக்கிட்டு!" என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். மேளம் முழங்கியது. நான் கையை நீட்டி ஏதோ சொல்லப் போனேன். வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான் எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் சாமியாடி திருநீற்றைத் துடைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவராகவே சொன்னார்.

"உம்ம வீட்டம்மா மொகத்தப் பாத்துட்டுத்தான், சிலுத்துக்கிடாத மாதிரி சன்னமா ஊத்துனேன், அண்ணாச்சி. மூணாவதயும் அப்படியே ஊத்தி அவுத்து விட்டுருப்பேன். ஒரு நிமிசம் பேசாம நின்னிருக்கக் கூடாதா?"

எங்கள் பங்கு கறியை மனைவி வாங்கவில்லை. பெட்டை கடைக்கும் சந்துக்கும் அலைந்து கத்திக்கொண்டே இருந்தது. தீனியைத் தொடவில்லை. மறுவாரம் அதைக் கூடையில் வைத்து அவளே செம்பூருக்குக் கொண்டுபோய் அந்த அம்மாளிடம் விட்டுவிட்டு வந்தாள். அங்கே மற்றப் பறவைகளோடு சேர்ந்து தின்னத் தொடங்கிவிட்டது என்று பிறகு அந்த அம்மாள் சொன்னார். துரை எங்கே என்று அவர் கேட்கவில்லை. யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

என் மனைவி அன்றைக்கும் சரி, அப்புறமும் சரி, என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அதையும் ஒரு வேடிக்கையாக்கிச் சொல்லிச் சொல்லியே ஆற்றிக்கொண்டிருப்பேன். அந்த வழியை அவள் எனக்குக் கொடுக்கவில்லை. இன்றும் நான் பேசினால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்கிறார்கள். நாக்கும் துறுதுறுக்கத்தான் செய்கிறது. ஆனால் எங்கேயாவது பத்துப் பேர் கூடி, யாரும் பேசாமல் நிற்கிற ஒரு நிமிடம் வந்துவிட்டால், அந்த மௌனம் இந்த நேரத்தில் யாருடைய உயிரைக் காத்துக்கொண்டிருக்கிறதோ என்ற பயம் வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றுவிடுகிறேன்.