அப்பா அமுக்கிப் பிடித்த ஸ்வரம்

என் அப்பா தவறே செய்யாதவர். அப்படித்தான் அவர் எங்களிடம் சொல்லி வந்தார். தவறான பேருந்தில் ஏற்றி எங்களைக் குவீன்ஸ்டவுனில் கொண்டுபோய் இறக்கினாலும், "இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு" என்பார். அவர் வைத்த குழம்பில் உப்புக் கூடினால் அன்றைக்கு அரிசி சரியில்லை. ஈசூன் அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் வேலை. எந்தப் பழுதுக்கும் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார், அந்தக் காரணம் எப்போதும் வேறு யாராவதாக இருக்கும் என்று அம்மா சொல்வார்.

நான் உயர்நிலை இரண்டில் படித்தபோது பள்ளி இசைக்குழுவில் டெனர் சாக்ஸபோன் வாசித்தேன். வாத்தியம் பள்ளியுடையது, என் உயரத்தில் பாதி இருக்கும். அந்த வருஷக் கச்சேரியில் ஒரு பாட்டின் நடுவே குழு முழுவதும் அடங்கி, டெனர் மட்டும் தனியாக வாசிக்கும் இடம் ஒன்று இருந்தது. அது எனக்கா, என்னைவிட ஒரு வகுப்பு மூத்த மாணவனுக்கா என்பதைத் திங்கட்கிழமை வாசித்துக் காட்டச் சொல்லி முடிவு செய்வதாக ஆசிரியர் அறிவித்தார். பயிற்சிக்காக வாத்தியத்தை வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார்.

அந்த வாரக் கடைசியில் பார்த்து ஆயுத பூஜை வந்தது. சனிக்கிழமை மாலை அப்பா தேக்கா சந்தையில் பூவும் பழமும் சந்தனமும் வாங்கி வந்து, தன்னுடைய ஸ்பேனர், டெஸ்டர், டார்ச்லைட் எல்லாவற்றையும் துடைத்து சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினார். என் புத்தகங்கள் ஒரு பக்கம், நடுநாயகமாகச் சாக்ஸபோன். எங்கள் வீட்டுப் பூஜையில் அதுவரை இசைக்கருவி எதுவும் இருந்ததில்லை. அப்பா சற்று எட்ட நின்று அதைப் பார்த்தார். ஸ்பேனர்களுக்கு ஆளுக்கொரு சின்னப் பொட்டு வைத்தவர், சாக்ஸபோனுக்கு நெற்றி எங்கே என்று தேடி, கழுத்துக் குழாய் வளைகிற உச்சியில் தாராளமாகச் சந்தனத்தைக் குழைத்து அப்பினார்.

"ஸ்கூல் சாமான்ப்பா" என்றேன்.

"சரஸ்வதிக்கு ஸ்கூல் வேற, வீடு வேறயா?" என்றார்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. அன்றைய பயிற்சி போயிற்று.

ஞாயிறு காலை பொட்டைத் துடைத்துவிட்டு ஊதினேன். மேல் ஸ்வரங்களில் குறையில்லை. கீழே இறங்கியதும் எதுவும் நிற்கவில்லை. நடுங்கியது, கொப்பளித்தது, திடீரென்று எகிறி மேலே ஓடியது. வெள்ளிக்கிழமை வரை சொன்ன பேச்சைக் கேட்ட அதே ஸ்வரங்கள்தான். மறுநாளும் இப்படி ஊதினால் அந்த மாணவன் சும்மா நின்றாலே போதும்.

அப்பா சோபாவில் இருந்தபடியே தீர்ப்புச் சொன்னார். "நேத்து ஊதலல்ல, மூச்சு டச் விட்டுப்போச்சு. சாமான் நல்லாதான் இருக்கு." பிறகு எழுந்து வந்து, மின்விசிறிக் காற்றுதான் காரணம் என்றார். விசிறியை நிறுத்தினோம், நடுக்கம் நிற்கவில்லை. "அப்ப நீ பயப்படுறே லா" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவருடைய காரணங்கள் தீர்ந்து முடிவதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும் போலிருந்தது. நானே ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். ஊதும் வாயில் இருக்கும் நாணல் தகட்டை மாற்றினேன், அதே நடுக்கம். ஊதும் வாயைக் கொஞ்சம் இழுத்தும் தள்ளியும் பார்த்தேன், சுருதிதான் மாறியது. அப்புறம் தரையில் உட்கார்ந்து யோசித்தேன். உச்ச ஸ்வரங்களுக்குப் போகும்போது கழுத்தின் மேலே ஒரு சின்னத் துளையின் மூடி திறக்கும். கீழே இறங்கினால் அது மூடிக்கொள்ள வேண்டும். திறந்திருக்கும்போது சமர்த்தாக இருக்கிறது, மூடும்போதுதான் தகராறு. அப்படியானால் மூடி சரியாக மூடவில்லை.

வாசிக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும். "அப்பா, இத அமுக்கிப் பிடிங்க" என்றேன்.

"எதுக்கு?"

"பிடிங்களேன்ப்பா."

ஒரு விரலால் அமுக்கினார். ஊதினேன். கீழ் ஸ்வரம் தடிமனாக, அசையாமல் நின்றது. விடச் சொன்னேன், நடுங்கியது. மறுபடி அமுக்கினார், நின்றது. மூடியைத் தூக்கிப் பார்த்தால், அடியில் சந்தனம் காய்ந்து பொருக்காக உட்கார்ந்திருந்தது.

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தனத்தில் கலப்படம் என்பார், கடைக்காரரைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் போய் டார்ச்லைட்டை எடுத்து வந்தார். பஞ்சுக்குச்சியை நனைத்து நான் துடைக்க, அவர் டார்ச் அடித்தார். திங்கட்கிழமை அந்தத் தனி வாசிப்பு எனக்கே கிடைத்தது. அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

தொல்லை அதற்குப் பிறகுதான். அப்பா இந்தக் கதையை ஊரெல்லாம் பரப்ப ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு மலாய்க்காரரிடம் மலாயில் சொன்னார். கோப்பிக் கடையில் சொன்னார். ஜாலான் புசாரில் திருகாணி வாங்கப் போன கடையில்கூடச் சொன்னார். "நான்தான் சந்தனத்த வச்சுக் கெடுத்தேன். எனக்கு ஒண்ணும் புரியல. இவதான் கண்டுபிடிச்சா." கேட்டவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு மானம் போயிற்று. கச்சேரி முடிந்ததும் அரங்க வாசலில் ஆசிரியரிடமே தொடங்கிவிட்டார். பள்ளிச் சாமானில் சந்தனம் அப்பியதை யாராவது தாங்களே போய்ச் சொல்வார்களா? சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்.

கைதட்டல் இன்னும் காதில் இருந்தது. ஆனால் அப்பா மட்டும் நன்றாக வாசித்தாய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மனத்தாங்கலில் ரயிலில் அவரோடு பேசாமல் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் அவர், "நான்தான் கெடுத்தேன்" என்று ஆரம்பிப்பது கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த மாதம் முழுவதும் அவர் என்னைப் பாராட்டியதைத் தவிர வேறு எதுவுமே பேசவில்லை என்பது எனக்கு அன்று தெரியவில்லை.