தவமணியின் வலது தோள்

என் மனைவி தவமணியின் வலது தோளை நாசமாக்கியவன் நான். மூட்டு தேய்ந்துபோனது விதியாலும் அல்ல, வயதாலும் அல்ல... என்னால்!

முகம் சுளிக்கிறீர்களா? நன்றாகச் சுளியுங்கள். முகம் மழிக்கக் கண்ணாடி முன் நிற்கும்போது நானும் சுளிக்கத்தான் செய்கிறேன்.

புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எங்கள் வீடு. பல வருடங்களுக்கு முன், கொழுந்து மூட்டையோடு வழுக்கி விழுந்தபோது அவள் தோள் முதன்முறை கழன்றது. தோட்டத்து டிஸ்பென்சரியில் அதைத் திருப்பிப் போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அடுத்த முறை, கொடியில் துணி போடும்போது கழன்றது. நானே இழுத்துப் போட்டேன். 'டக்' என்று உள்ளே போனது. வாசலில் நின்ற சனம் வாயைப் பிளந்தது.

அன்றிலிருந்து நான் கைராசிக்காரன்! கால் பிசகியவர்கள், கை சுளுக்கியவர்கள் என்று பலரும் என்னைத் தேடி வந்தார்கள். "ஐயா" என்றார்கள். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவனை வேறு யார் ஐயா என்று கூப்பிடுவார்கள்? வருகிறவர்களுக்கெல்லாம் அவள் தோளைக் காட்டுவேன். "எத்தன தடவ போட்டிருக்கேன்னு அவகிட்டயே கேளுங்க" என்பேன். அவளும் சிரித்துக்கொண்டே எண்ணிக்கை சொல்லுவாள். த்தூ! என்ன பிழைப்பு அது!

ஒருமுறை தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு பேராதனைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். திரும்பத் திரும்பக் கழன்றால் மூட்டு தேய்ந்து வாதமாகிவிடும், தோளைச் சுற்றிய தசையைப் பலப்படுத்த வேண்டும், சத்திரசிகிச்சை செய்து இறுக்கிவிடுவது நல்லது என்றார்களாம். பயிற்சிக்கு ஒரு ரப்பர் பட்டியும் வாங்கி வந்திருந்தாள். அதை எடுத்துப் போய் நான் விறகு கட்டினேன்.

சத்திரசிகிச்சைக்குத் திகதி குறித்த கடிதம் சில மாதங்களில் வந்தது. எங்கள் தபால் எல்லாம் தோட்டத்து ஆபிசுக்குத்தான் வரும். அன்று வாங்கப் போனவன் நான். வழியிலேயே பிரித்து வாசித்தேன். கைராசிக்காரன் பெண்சாதிக்கே பெரியாஸ்பத்திரியா என்று லயத்து வரிசைவீடுகள் முழுக்கச் சிரிக்குமே! கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

"கடிதம் வந்திச்சாங்க?" என்று எத்தனையோ நாள் கேட்டாள்.

"வரல்ல. பெரிசா ஒண்ணுமில்ல போல, அதான் கூப்பிடல்ல."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! பிறகும் தோள் கழன்றது. பிறகும் நான் போட்டேன்... ஆட்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

இப்போது கழல்வதில்லை. இறுகிவிட்டது. தலைவாரக் கை எழாது. அசைத்தால் உள்ளே மணல் அரைபடுவதுபோல் சத்தம் கேட்கிறது. சோற்றைப் பிசையும்போது அவள் பல்லைக் கடிப்பதைப் பார்த்துக்கொண்டே நான் என் தட்டைக் காலி செய்கிறேன்.

போன மாதம் நானே அவளைப் பேராதனைக்கு அழைத்துப் போனேன். யாழ்ப்பாணத்து டொக்டர், சின்ன வயது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"எலும்பும் எலும்பும் உரசுது அம்மா. இவ்வளவு தரம் கழண்டதை ஆர் திருப்பிப் போட்டது?"

நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

"அதுவா உள்ள போயிரும் டொக்டர்" என்றாள் தவமணி. என்னைக் காப்பாற்றினாள்!

வலிக்கு மாத்திரை, தேவைப்பட்டால் ஊசி, இருக்கிற அசைவு குறையாமல் பயிற்சி, ஒன்றுக்கும் அடங்காவிட்டால் மூட்டையே மாற்ற வேண்டிவரும் என்று சொல்லிவிட்டு, "முந்தியே ஒப்பரேசன் செய்திருந்தா இந்தளவுக்கு வராமத் தடுத்திருக்கலாம்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கம்பளை தாண்டியதும் சொன்னாள்.

"கடிதம் வரல்லன்னு சும்மா இருந்துட்டேன். நான்தான் போய் விசாரிச்சிருக்கணும். என் தப்புதாங்க."

சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது...

"ஆமா" என்றேன். "நீ போய் விசாரிச்சிருக்கணும்."