என் கட்டைவிரலும் டில்லிக் குழுவும்

தாராவியில் இருபத்திரண்டு வருடமாக இட்லி மாவு ஆட்டி விற்கிறேன். கிரைண்டரில் உளுந்தைத் தள்ளித் தள்ளியே என் கட்டைவிரல் ரேகை தேய்ந்துவிட்டது. இதை வங்கிதான் கண்டுபிடித்துச் சொன்னது. ஆதார் மெஷினில் விரல் பதியவில்லை என்று என் கணக்கையே முடக்கிவிட்டார்கள். மகளின் நர்சிங் காலேஜ் ஃபீஸ் அதற்குள் மாட்டிக்கொண்டது.

கையெழுத்துப் போடுகிறேனே என்றேன். கையெழுத்தை யார் வேண்டுமானாலும் போடலாம் என்றார் மேனேஜர். என் கையெழுத்தை நானே இரண்டு தடவை ஒரே மாதிரி போட்டதில்லை. அது அவருக்குத் தெரியாது.

வங்கிகளைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்கு மகள் செல்போனிலேயே புகார் அனுப்பினாள். ஒன்பதாம் நாள் பதில் வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. வங்கிக்கு ஓடினேன். கணக்கு அப்படியே பூட்டிக் கிடந்தது. விசாரித்தால், புகாரை வங்கிக்கு அனுப்பிவிட்டாலே அவர்களுக்கு அது தீர்ந்த புகாராம். இட்லித் தட்டில் மாவை ஊற்றிவிட்டு, சாப்பிட்டாயிற்று என்று ஏப்பம் விடுகிற கதை. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு மாவு சீக்கிரமே புளித்துவிட்டது.

மகள் விடவில்லை, டில்லிக்கே எழுதினாள். அந்த அலுவலகம் புகார்களை எப்படிக் கவனிக்கிறது என்று பார்க்க நாடாளுமன்றக் குழு ஒன்று மும்பை வருகிறது, நான் நேரில் வந்து பேசலாம் என்று கடிதம் வந்தது. ஃபீஸ் கட்டக் கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்னால் கூட்டம்.

குழாயடியில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நாலு நாள் மாவில் கை வைக்காமல் இருந்தால் ரேகை தானாக வளரும் என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. கடையைக் கணவரிடம் விட்டேன். அவர் ஆட்டிய மாவில் இட்லியும் வரவில்லை, தோசையும் வரவில்லை. மாட்டுங்காவிலிருந்து வரும் மாமி ஒருவர், இதைக் கஞ்சி என்று சொல்லி விற்றிருக்கலாமே என்றாராம். நான் விரலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் அந்தக் கண்காணிப்பு அலுவலகத்திலேயே. போனால் வாசலில் அதே மெஷின். ஆதார் எண்ணைத் தட்டி விரலை வைத்தால்தான் உள்ளே விடுவார்களாம். எண்ணெய் விரல் வழுக்கியதே தவிரப் பதியவில்லை. வாட்ச்மேன் பரிதாபப்பட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். இரண்டு மணி நேரம் அதில் கிடந்தேன்.

குழுவினர் வெளியே வந்தார்கள். அழைத்தும் ஒருவரும் வரவில்லை, எல்லோரும் திருப்தியாக இருக்கிறார்கள் என்று அவர்களிடம் இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தார் அலுவலக அதிகாரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து வழியை மறித்து, என் கதையைத் தெரிந்த இந்தியில் கொட்டினேன். மெஷின் சரியாகத்தான் இருக்கிறது, இந்த அம்மாவின் விரலில்தான் கோளாறு என்றார் அதிகாரி.

குழுவில் ஒருவர் நம் திருநெல்வேலிப் பக்கத்து எம்.பி. தன் ஆதார் எண்ணைத் தட்டி, தானே விரலை வைத்துப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு.

"அண்ணாச்சி, நீங்களும் மாவு ஆட்டுதியளா?" என்று கேட்டுவிட்டேன்.

"வாழைக்கு மம்பட்டி புடிச்ச கைம்மா இது," என்றார். பிறகு அதிகாரியிடம் திரும்பி, நானும் திருப்தியாக இருக்கிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அதிகாரி என்னைப் பார்த்து, முதல் தடவையாக, உட்காருங்கள் என்றார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாயிற்று என்றேன்.

இரண்டே நாளில் கணக்கு திறந்தது. கடைசி நாளன்று ஃபீஸ் கட்டினோம். வங்கி வாசலில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மகள் பார்க்காதது மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுவாரம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். புகார் தீர்ந்தது என்று நான் காகிதத்தில் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். பேனாவை எடுத்தேன். கையெழுத்து வேண்டாம், மேலிடத்தில் கைநாட்டுத்தான் கேட்கிறார்கள் என்று மசிப்பெட்டியை நகர்த்தினார். அழுத்தினேன். காகிதத்தில் வழுவழுவென்று ஒரு நீல வட்டம் விழுந்தது. பெயருக்குக்கூட ஒரு கோடு இல்லை.

மேனேஜர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பர்ஃபெக்ட், ஆன்ட்டி," என்று சொல்லி, பக்கத்திலேயே சீல் குத்தினார்.